ஒரு ஃபேன் கேட்டோம், மூன்று வந்தது

எங்கள் காலனிப் படிப்பகத்துக்குச் சுவரில் மாட்டுகிற ஃபேன் ஒன்று தேவைப்பட்டது. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை அது. மார்ச் பிறந்துவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்குக்கூட உள்ளே உட்கார முடியாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப்போகிறவர்கள் ஏழு பேர். அவர்களோடு சின்னப் பிள்ளைகள் இருபது பேராவது தினமும் வருகிறார்கள். பழைய ஃபேன் காயில் கருகி பிப்ரவரியிலேயே நின்றுபோனது. படிப்பக உண்டியலில் இருந்த பணத்தோடு நானும் கொஞ்சம் போட்டு, 1,850 ரூபாய்க்கு இணையத்தில் ஒரு ஃபேன் ஆர்டர் செய்தேன்.

வியாழக்கிழமை மாலை பெட்டி வந்தது. கொண்டுவந்த தம்பி வண்டியிலிருந்து இறக்கும்போதே, "கனமா இருக்கு சார், ஒரு கை புடிங்க" என்றார். ஓடிபி சொன்னேன். அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டார். பெட்டியைப் பிரித்தால் உள்ளே மூன்று பெட்டிகள். மூன்றிலும் ஒரே மாதிரி ஃபேன். பில்லை எடுத்துப் பார்த்தேன். எண்ணிக்கை 1. தொகை 1,850.

பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒன்னு இந்தப் பக்கம், ஒன்னு அந்தப் பக்கம், ஒன்னு சாருக்கு" என்று அதற்குள் பங்கு பிரித்துவிட்டார்கள். ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் மட்டும் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "தப்பா அனுப்பிட்டாங்களா சார்? திருப்பிக் குடுத்துடுவீங்களா?" என்று கேட்டாள்.

"பார்க்கலாம்" என்றேன்.

அந்தப் "பார்க்கலாம்" ஒன்பது நாள் நீண்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன் தோழர்களே. நான் ஃபேனைத் திருப்பிக் கொடுத்த கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். கொடுக்காமல் வைத்திருந்த நாட்களின் கதை இது.

மறுநாள் ஒரு ஃபேனை மாட்டினோம். மற்ற இரண்டும் பெட்டியோடு என் வீட்டு பீரோ மேல் ஏறின. அன்று இரவு என் அக்கா மகன் வந்திருந்தான். சென்னைக்கு வெளியே ஒரு பெரிய கிடங்கில் இரண்டு வருஷம் பொருள் எடுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தவன். பெட்டியைப் பார்த்ததுமே காரணம் சொல்லிவிட்டான்.

"மாமா, இது அடிக்கடி நடக்கும். மூணு ஃபேன் ஒரு அட்டைப்பெட்டில அடங்கி வரும். அதப் பிரிச்சு உள்ள இருக்கிறதுல ஒன்ன எடுக்கணும். அவசரத்துல பெரிய பெட்டியவே ஒன்னுன்னு நெனச்சு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிடுவாங்க. மணிக்கு இத்தனை எடுக்கணும்னு கணக்கு இருக்குல்ல, நின்னு பார்க்க நேரம் ஏது?"

"சரிடா, இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது? மாட்டுங்க. அவனுங்களுக்கு இதெல்லாம் கொசு கடிச்ச மாதிரி. நம்மள எத்தனை தலைமுறையா அளவு கொறச்சு ஏமாத்தியிருக்கானுங்க. கூலி நெல்ல மரக்கால்ல தலையத் தட்டி அளந்தானுங்கன்னு நீங்கதான மேடையில பேசறீங்க? அதுல ரெண்டு ஃபேன் திரும்பி வந்துச்சுன்னு வச்சுக்குங்க."

என் பேச்சை வைத்தே என்னை மடக்கிவிட்டான். பதில் இல்லாமல் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், அந்த வாதம் எனக்குப் பிடித்திருந்தது. என் வீட்டுக்கு ஒரு ஃபேன் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகளுக்குத்தான் என்று நினைத்தேன். பொதுக்காரியத்துக்கு என்று சொல்லிவிட்டால் மனசு எவ்வளவு சீக்கிரம் சமாதானம் ஆகிறது!

இன்னொரு நண்பர் வாட்ஸப்பில் வந்த செய்தி ஒன்றை அனுப்பினார். ஆர்டர் செய்யாத பொருள் வீட்டுக்கு வந்தால் அது உங்களுக்கு இலவசப் பரிசு, திருப்பித் தர வேண்டியதில்லை என்று சட்டமே இருக்கிறதாம். தேடிப் பார்த்தேன். சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் அது 1970இல் வந்த அமெரிக்கச் சட்டம். கேட்காத பொருளை அஞ்சலில் அனுப்பிவிட்டு, பிறகு பணம் கட்டு என்று பில் அனுப்பித் தொல்லை கொடுத்த வியாபாரிகளை அடக்க வந்தது. வியாபாரியின் தந்திரத்திலிருந்து மக்களைக் காக்க வந்த சட்டத்தை, ஒரு தொழிலாளியின் கைத்தவறுக்குப் பொருத்திப் பார்க்கிறோம். அதுவும் வேறு நாட்டில் உட்கார்ந்துகொண்டு.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? ஒரு வழக்கறிஞர் தோழரிடம் டீக்கடையில் கேட்டேன். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 72. தவறுதலாக ஒருவருக்குப் பணம் கொடுக்கப்பட்டாலோ, ஒரு பொருள் ஒப்படைக்கப்பட்டாலோ, அவர் அதைத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான், சுற்றி வளைப்பே இல்லை. அடுத்தவர் பொருள் என்று தெரிந்தும் நேர்மையற்ற எண்ணத்தோடு தனதாக்கிக்கொண்டால் அது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 403ஆவது பிரிவு. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 314. "ரெண்டு ஃபேனுக்கு எவனும் கேஸ் போட மாட்டான் தோழர், கவலப்படாதீங்க" என்று சேர்த்துச் சொன்னார். நான் கேட்டது சட்டம். எனக்கு ஆறுதலாக இருந்தது அந்தக் கடைசி வரி. அதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

முயற்சியே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் அந்தச் செயலியைத் திறந்தேன். புகார் செய்ய நான்கு வழிகள் இருந்தன. பொருள் வரவில்லை, உடைந்து வந்தது, குறைவாக வந்தது, வேறு பொருள் வந்தது. "அதிகமாக வந்தது" என்று சொல்ல இடமே இல்லை. உரையாடல் பெட்டியில் தட்டச்சு செய்தேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?" என்று இயந்திரம் கேட்டது. சிரித்துக்கொண்டே மூடிவிட்டேன். "நான் சொல்லப் பார்த்தேன், அவன்தான் கேட்கவில்லை" என்று எனக்கு நானே ஒரு ரசீது கிழித்துக் கொடுத்துக்கொண்டேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம்தான்.

செய்தித்தாளில் அடிக்கடி ஒரு படம் வரும். குப்பையில் கிடந்த நகையை ஒப்படைத்த தூய்மைப் பணியாளர். பையைத் திருப்பிக் கொடுத்த ஆட்டோ ஓட்டுநர். பக்கத்தில் காவல் ஆய்வாளர் சால்வை போர்த்துவார். வறுமையிலும் நேர்மை என்று தலைப்பு வைப்பார்கள். அந்த "வறுமையிலும்" என்ற சொல்லைப் பாருங்கள். இவர்கள் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தோம், ஆச்சரியமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். வங்கிக் கணக்கில் தவறாக வந்த பணத்தை ஓர் அதிகாரி திருப்பிக் கொடுத்தால் யாரும் சால்வை போர்த்துவதில்லை. அது அவருடைய இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் பரீட்சை. அந்தப் பரீட்சை எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. இந்த ஒரு தடவை எழுதாமல் விட்டால் என்ன என்று உள்ளுக்குள் ஒரு வீம்பு இருந்தது.

இப்படி எட்டு நாள் போனது. எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை, அம்மா ஊரிலிருந்து வந்தது. சோறு போட்டுக்கொண்டே பீரோ மேலே பார்த்தது.

"யாருதுடா அது?"

"கம்பெனிதும்மா. ஃபேன் ஒன்னு கேட்டேன், தப்பா மூணு அனுப்பிட்டான்."

"தேடுவாங்களே."

"பெரிய கம்பெனிம்மா. கோடிக்கணக்குல வியாபாரம் பண்றவன். இதெல்லாம் அவனுக்குத் தெரியவே தெரியாது."

"கம்பெனியா வந்து தேடும்? அங்க வேலை செய்யறவன் தலைதான் உருளும். செம்பு கதைய மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ஆனால் அந்தக் கதைக்கும் பீரோ மேல் இருக்கும் பெட்டிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அம்மா ஊர்த்தெருவில் ஓர் ஆண்டை வீட்டில் மாட்டுக்கொட்டகை கூட்டிச் சாணி வாரி, களத்து வேலையும் செய்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் போக முடியாது. கொட்டகை வரைதான் அதன் எல்லை. ஒருநாள் கிணற்றடியில் வைத்திருந்த பித்தளைச் செம்பு காணவில்லை என்றார்கள். அன்று கிணற்றடிப் பக்கம் எத்தனையோ பேர் போய்வந்திருப்பார்கள். விசாரித்தது அம்மாவை மட்டும். சாயங்காலம் அந்த வீட்டு ஆட்கள் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். அடுக்குப் பானைகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கவிழ்த்தார்கள். கேழ்வரகு வைத்திருந்த பானையையும் விடவில்லை. தரையில் கொட்டிய கேழ்வரகை நானும் அக்காவும் இருட்டும் வரை பொறுக்கினோம். செம்பு இல்லை. இல்லை என்பதும் எங்களுக்குச் சாதகமாகவில்லை. அதற்குள் விற்றிருப்பாள் என்றார்கள். அந்த வருஷம் தை அறுப்புக்கு அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. ஒரு வீட்டில் பெயர் கெட்டால் தெருவுக்கே கெட்ட மாதிரி.

கோடையில் கிணறு தூர் வாரினார்கள். சேற்றோடு செம்பு மேலே வந்தது. தூர் வார இறங்கியவர் எங்கள் பெரியப்பா. அவர் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வந்து சொல்லவில்லை. "அகப்பட்டுச்சுன்னு ஒரு வார்த்தை, வாசல்ல நின்னாவது சொல்லியிருக்கலாம்" என்று அம்மா இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருக்கும் என்று கணக்கில்லை. பானையைக் கவிழ்த்ததைக்கூட அது அவ்வளவு பேசாது. சொல்லாமல் இருந்ததைத்தான் பேசும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பில்லை மறுபடி எடுத்துப் படித்தேன். இந்த முறை கீழே வரை படித்தேன். பணம் வாங்கியது அந்தப் பெரிய பெயர். பில்லில் விற்பனையாளர் என்று இருந்ததோ கோயம்புத்தூரில் ஒரு சின்ன மின்சாதனக் கடை. எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கும், நான்தான் பார்த்ததில்லை. வெளிநாட்டு முதலீடு உள்ள இணையச் சந்தைகள் தங்கள் சொந்தச் சரக்கை நேரடியாக மக்களுக்கு விற்க நம் நாட்டு விதிகள் அனுமதிப்பதில்லை. அவர்கள் நடத்துவது சந்தை. சரக்கு வேறொருவருடையது. அந்த வேறொருவரின் பெயரையும் முகவரியையும் வாங்குபவருக்குத் தெரியும்படி காட்ட வேண்டும் என்று 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. எட்டு நாளாக நான் ஒரு கோடீசுவரனோடு மனசுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தேன். இழப்பு போய் விழுந்த இடத்தில் அவன் இல்லவே இல்லை.

சனிக்கிழமை காலை அந்தக் கடைக்கு போன் செய்தேன். கடைக்காரரே எடுத்தார். ஆர்டர் எண்ணைச் சொல்லி, உங்களுடைய இரண்டு ஃபேன் என்னிடம் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏனுங்க, நெசமாத்தான் சொல்றீங்களா?"

"ஆமாங்க. போன வியாழக்கிழமை வந்தது."

"ரெண்டு உருப்படி கொறையுதுன்னு திங்கக்கெழமை ஸ்டாக் எடுக்கறப்பவே தெரிஞ்சுபோச்சுங்க. பேக்கிங்ல ஒரு ஒரிசாப் பையன் இருந்தானுங்க. அவன்தான் வெளிய தள்ளிட்டான்னு நெனச்சு, சம்பளத்துல புடிச்சுக்கிட்டு இனிமே வராதேன்னு அனுப்பிப்போட்டனுங்க."

"எப்போ?"

"செவ்வாக்கெழமைங்க."

கையில் போனோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெட்டி வந்தது வியாழன். நான் வெள்ளிக்கிழமை அழைத்திருந்தால் திங்கட்கிழமைக் கணக்கில் அந்த இரண்டு ஃபேனும் எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அழைத்திருந்தாலும் தெரிந்திருக்கும். சமூக நீதியின்படி இதை வைத்துக்கொள்ளலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பையனின் பானையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். செம்பு என் வீட்டு பீரோ மேல் இருந்தது.

அந்தப் பையன் எந்தச் சாதி என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கவும் இல்லை. அந்தக் கடையில் ஏழெட்டுப் பேர் வேலை செய்கிறார்களாம். அத்தனை பேரில் சந்தேகம் நேராக வெளியூர்ப் பையனிடம் போயிருக்கிறது. சந்தேகத்துக்கு வழி தெரியும். கிணற்றடிக்குப் போனவர்களில் அம்மாவைத் தேடிவந்த அதே வழிதான்.

என் மாப்பிள்ளையின் வாதத்துக்கு இப்போது பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த வாதத்தை நம்மில் பலர் சொல்கிறோம். மரக்காலில் தலையைத் தட்டி அளந்தது உண்மை. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கடனை யாரிடம் வசூலிக்கிறோம்? இன்னாரிடமிருந்து இன்னது எனக்கு வரவேண்டும் என்று பகலில், பெயர் சொல்லி, பலபேர் பார்க்கக் கேட்பதுதான் உரிமை. நம் முன்னோர்கள் கூலியை அப்படித்தான் கேட்டார்கள். பொதுக்குளத்துத் தண்ணீரை அப்படித்தான் கேட்டார்கள். 1927இல் மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்ப் பட்டப்பகலில்தான் சௌதார் குளத்தில் கை வைத்தார். யாரோ அசந்த நேரத்தில் நம் கையில் வந்து விழுவது உரிமையாகாது. அதை எடுத்துக்கொண்டால் பழைய கடனில் ஒரு பைசாவும் குறையாது. இன்னொரு தொழிலாளியின் கணக்கில் புதிதாக ஒரு கடன் ஏறும்.

இன்னொன்றும் உறைத்தது. அந்த ஒன்பது நாளும் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம், "தப்பு என்னுடையது இல்லையே, தானாகத்தானே வந்தது" என்பது. இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். பஞ்சமி நில மனுக்களைத் தூக்கிக்கொண்டு நான் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைகிறேன். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892இல் நம் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் அது. முதல் பத்து ஆண்டு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் நம் மக்களுக்குள் மட்டுமே கைமாற வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தார்கள். அதை மீட்கக் கேட்டுத்தான் 1994இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். இன்று அந்த நிலங்களை வைத்திருப்பவர்கள் விசாரணையில் என்ன சொல்கிறார்கள்? "நான் யாரையும் ஏமாத்தலீங்க. எங்கப்பா காலத்துலயே எங்க கைக்கு வந்துடுச்சு. என் மேல என்ன தப்பு?" எப்படி வந்தது என்பதில் உன்மேல் தப்பு இல்லாமல் இருக்கலாம், அடுத்தவருடையது என்று தெரிந்த பிறகும் வைத்திருக்கிறாயே, அங்கேதான் தப்பு தொடங்குகிறது என்று எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். இரண்டு ஃபேனுக்கும் இரண்டு ஏக்கருக்கும் அளவு வேறுதான். ஆனால் நான் அவர்களிடம் கேட்கிற கேள்வியை என்னிடம் கேட்டால் அதற்கும் பதில் இருக்க வேண்டும் அல்லவா?

அதற்காக, வியாபாரியின் தவறுக்கு நாம் அடிமை வேலை செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. பொருள் குறைந்தால் படம் அனுப்பு, பெட்டியைப் பிரிக்கிற வீடியோ அனுப்பு என்று நம்மைத் திருடன்போல நடத்துகிறவர்கள்தான் அவர்கள். அதனால் நம் கடமைக்கும் ஓர் எல்லை உண்டு. எனக்குப் புரிந்தவரை அது இவ்வளவுதான். தெரிந்த அன்றே சொல்லிவிட வேண்டும், முடிந்தால் எழுத்தில். செயலியில் இடம் இல்லாவிட்டால் பில்லில் இருக்கிற விற்பனையாளருக்கே சொல்ல வேண்டும். பெட்டியைப் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எடுத்துப் போகிற செலவு அவர்களுடையது. நாம் வேலையை விட்டுவிட்டுச் சுமந்துபோக வேண்டியதில்லை. ஒரு நியாயமான கெடுவும் நாம் சொல்லலாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே எழுதிக் கொடுத்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், அது கொடை. இதில் முதல் வேலைதான் முக்கியம். மற்றதெல்லாம் தாமதமாகலாம். சொல்வது மட்டும் தாமதமாகக் கூடாது. பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒவ்வொரு நாளும் அங்கே யாரோ ஒருவர் திருடர்.

சால்வைக்குப் பயந்தோ, சால்வைக்கு ஆசைப்பட்டோ இதைச் செய்ய வேண்டியதில்லை என்பதும் அந்த போன் பேசியபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் யோக்கியன் என்று யாருக்கும் நிரூபிப்பதற்காகச் சொல்லவில்லை. இன்னொருவர் திருடர் இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் அன்றைக்கு நான் ஒருவன்தான் இருந்தேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைக்காரர் நல்ல மனுஷர்தான். படிப்பகம் என்று சொன்னதும், "ஒன்ன நீங்களே வெச்சுக்குங்க, அடக்க விலை 1,300 மட்டும் போட்டு விடுங்க போதும்" என்றார். உண்டியலில் அவ்வளவு இல்லை. காலனியில் வசூல் செய்து அனுப்பினோம். இன்னொரு ஃபேனை லாரி பார்சலில், வாடகை அங்கே கட்டுகிற மாதிரி போட்டுவிட்டோம். போய்ச் சேர்ந்ததென்று தகவலும் வந்தது. இப்போது படிப்பகத்தில் இரண்டு ஃபேன் ஓடுகிறது. இரண்டுக்கும் பில் இருக்கிறது.

பணம் அனுப்பிய அன்று அவரிடம் கேட்டேன், "அந்தப் பையனைக் கூப்பிட்டீங்களா?"

"கூப்புடறனுங்க. புடிச்ச காசையும் குடுத்தர்றேன். போன் போட்டேன், எடுக்கலீங்க."

"உங்க மேல கோபமா இருப்பான். வேற யார்கிட்டயாவது சொல்லி அனுப்புங்க. திருடலன்னு தெரிஞ்சுபோச்சுன்னு அந்த ஒரு வார்த்தையாவது அவன் காதுக்குப் போகணும்."

"சரிங்க" என்றார்.

படிப்பகத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஒன்பது நாள் சும்மா இருந்ததையும் மறைக்கவில்லை. மூன்றாவது ஃபேன் போனதில் சின்னப் பிள்ளைகளுக்கு வருத்தம்தான். அன்று பில்லை வாங்கிப் பார்த்த அந்தப் பெண் மட்டும் கேட்டாள், "அந்த அண்ணனுக்குத் தெரிஞ்சிடுச்சா சார், ஃபேன் கெடச்சிடுச்சுன்னு?"

என்னிடம் பதில் இல்லை. இந்த முறை "பார்க்கலாம்" என்று சொல்லவில்லை. கோயம்புத்தூருக்கு மறுபடியும் போன் செய்தேன், மணி அடித்து நின்றது. நாளைக் காலை கடை திறந்ததும் மறுபடியும் அழைப்பேன். அந்தப் பையனுடைய எண்ணையே வாங்கி நானே பேசிவிடலாம் என்றிருக்கிறேன். எனக்கு இந்தி வராது. இந்தி தெரிந்த தோழர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாவது சொல்லிவிட வேண்டும்.

ஜெய்பீம்.